கண் கட்டியது நான்தான்

பெயர்: விதுஷன் யசோதினி. வயது: 33. தொழில்: வீட்டில் கோழி வளர்ப்பு. முகவரி: வாவிக்கரை வீதி, மண்டூர். திகதி: 2025.04.23. நேரம்: முற்பகல் 10.20. புத்தாண்டு விளையாட்டு விழாவில் உசாந்தி என்பவரின் கை முறிந்தது தொடர்பாகப் பொலிஸ் நிலையத்தில் விசாரிக்கப்பட்டபோது இவர் கூறுவதாவது:

நான் மேற்சொன்ன முகவரியில் எனது கணவர் விதுஷனுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வசித்து வருகிறேன். கணவர் வாவியில் மீன் பிடிப்பவர். முறைப்பாடு செய்த உசாந்தி எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டில் இருந்து தையல் வேலை செய்பவள். நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தோம். பதினொரு வருடத்துக்கு முன்னர் என் கணவருக்கு முதலில் பேசியது அவளைத்தான். சாதகம் பொருந்தவில்லை என்று அவளுடைய தகப்பன் நிறுத்திவிட்டார். அதன் பின்னரே என்னைப் பேசி வந்தார்கள். ஊர் இதை மறந்துவிட்டது. நான் மறக்கவில்லை.

எனக்குச் சட்டை தைக்கத் துணி கொடுக்க வேண்டுமென்றால் கணவர் தானே கொண்டுபோகிறேன் என்று முன்னுக்கு வருவார். நெல்லுக் குத்த ஆலைக்குப் போகச் சொன்னால் மட்டும் நாரி நோகுது என்று இடுப்பைப் பிடிப்பார். இறால் பட்ட நாளில் பெரிதாகப் பார்த்து நாலு அந்த வீட்டுக்குப் போகும். இருவருக்கும் தப்பான தொடர்பு உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை. இருந்திருந்தால் கையோடு பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அப்படியென்றால் பொறாமையா என்று கேட்கப்பட்டது. ஓம் என்றேன்.

2025.04.16ஆம் திகதி பிற்பகல் மூன்று மணியளவில் ஊர் விளையாட்டுக் கழகத்தின் விழாவில் தம்பதிகளுக்கு முட்டி உடைக்கும் போட்டி வைத்தார்கள். மனைவி கணவனின் கண்ணைக் கட்டிவிட்டு, தொங்கும் மண்முட்டிக்குப் பின்னால் எல்லைக் கயிற்றுக்கு வெளியே நின்று வழி சொல்ல வேண்டும். கணவன் அவள் சொல் கேட்டு நடந்து வந்து பொல்லால் முட்டியை உடைக்க வேண்டும். கணவர் வேண்டாம் என்றார். பெயர் கொடுத்தது நான். உசாந்தி பார்த்துக்கொண்டு நிற்க அவர் என் சொல் கேட்டு நடக்க வேண்டும் என்ற ஆசைதான், வேறு காரணம் இல்லை.

எங்களுக்கு முன்னர் வந்த ஒருவர் துணிக்குக் கீழால் பார்த்துவிட்டாரென்று சனம் கூச்சல் போட்டு அவரை வெளியேற்றியது. ஆகவே நான் கணவரின் சால்வையை நான்காக மடித்து, மூக்கின் இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து, பின்னந்தலையில் இரட்டை முடிச்சுப் போட்டேன். “இறுக்காத புள்ள, தலை விறைக்குது” என்றார். “கொஞ்ச நேரந்தானே, பொறுங்க” என்றேன். கழகச் செயலாளர் வினாயகமூர்த்தி முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்க, “ஒண்டும் தெரியல்ல அண்ண” என்றார். அதன் பின்னர் அவரை மூன்று தரம் சுற்றிவிட்டார்கள்.

நான் முட்டிக்குப் பின்னால் போய் நின்று, “நேர வாங்க, சோத்துக்கைப் பக்கம் கொஞ்சம் கிறுகுங்க” என்று சொல்லச் சொல்ல, சனம் போட்ட அத்தனை இரைச்சலிலும் அவர் பதினைந்து காலடி என் சொற்படியே வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது கயிற்றோரம் நின்ற உசாந்தி சிரித்தாள். அவரைக் கூப்பிடவில்லை, வழியும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பெண் ஏதோ சொன்னதற்குச் சிரித்தாள், அவ்வளவுதான். கணவர் நின்றார். முகத்தில் வாய் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்த வாயும் சிரித்தது. அதன் பின்னர் இடது பக்கம் திரும்பி அவள் நின்ற இடத்துக்கு நடந்தார்.

நான் அப்போது கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. எவ்வளவு தூரம்தான் போகிறார் பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். சனம் பகிடி என்று நினைத்து “அடி, அடி” என்று கத்த, முட்டிதான் வந்துவிட்டதாக்கும் என்று அவர் பொல்லை ஓங்கி இறக்கினார். உசாந்தி தலைக்குக் குறுக்கே வலது கையைத் தூக்கினாள். அடி மணிக்கட்டில் விழுந்து வளையல்கள் நொறுங்கின. அவள் “அம்மா” என்று கத்தினாள். கணவர் பொல்லைப் போட்டுவிட்டு “உசாந்தி, உசாந்தி” என்று கூப்பிட்டபடி முடிச்சைப் பிடித்து இழுத்தார். அது அவிழவில்லை. அதன் பின்னர் நான் ஓடிப்போய்ப் பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

உசாந்தியின் கைக்குள் தகடு வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் தைக்க முடியாது. கல்யாணப் பேச்சு நின்றுபோன கோபத்தில் என் கணவர் வேண்டுமென்று அடித்ததாகவும், கண்கட்டு அவிழும் முன்னமே பெயரைச் சொன்னதால் தன்னைப் பார்த்துத்தான் அடித்தார் என்பது தெளிவு என்றும், அவரிடமிருந்து நட்டஈடு வேண்டுமென்றும் அவள் முறைப்பாடு கொடுத்துள்ளாள். கண்ணைக் கட்டியவள் என்பதால் என் சொல்லில்தான் எல்லாம் தங்கியிருப்பதாகப் பொறுப்பதிகாரி விளங்கப்படுத்தினார்.

நேற்றுப் பின்னேரம் கணவர் என்னிடம், “இறுக்கித்தான் கட்டினன் எண்டு சொல்லு புள்ள, இல்லாட்டி என்னை மறியல்ல அடைச்சிருவாங்க” என்றார். “அப்ப அவட பேர் எப்பிடி வாயில வந்த?” என்று கேட்டேன். “கத்தின குரல் தெரிஞ்சிது” என்றார். “அவள் கத்த முன்னம் நீங்க ஏன் சிரிச்ச?” என்று கேட்டேன். அவர் வலையை எடுத்துக்கொண்டு தோணிக்குப் போய்விட்டார்.

உசாந்தி உழைத்துச் சாப்பிடுகிறவள். அவளுடைய தையலில் குறை சொல்ல எனக்கே வாய் வராது. கை முறிந்ததற்கு நட்டஈடு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் பார்த்து அடித்தார் என்பது பொய். அவளை அவர் கோபத்தில் அடித்திருந்தால் நான் சந்தோஷமாக இங்கே வந்து அப்படியே சொல்லியிருப்பேன். அவருக்கு ஒரு பொட்டு வெளிச்சமும் தெரியவில்லை. சிரிப்பைக் கேட்டே ஆளைத் தெரிந்துகொண்டார். பெயர் வாயில் வந்ததும் அதனால்தான்.

இதன் பின்னர் வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் “அதன் பின்னர் தற்செயலாக இடது பக்கம் திரும்பி” என்று எழுதப்பட்டிருந்தது. “தற்செயலாக” என்ற சொல்லை வெட்டும்படி கேட்டேன். அது இருந்தால் கணவருக்கு நல்லது என்று சொல்லப்பட்டது. அடித்தது தற்செயல், திரும்பியது தற்செயல் இல்லை என்றேன். சொல் வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் எனது சுருக்கொப்பம் இட்டுள்ளேன். மற்றவை யாவும் நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன என்றும், அவை உண்மை என்றும் ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வி. யசோதினி