சகல ஜனங்களுக்கும்

— பத்து மணிக்கு ஆபீசருங்க வந்துடுவாங்க, பூபாலா. அதுக்குள்ள உன்கிட்ட ஒரு வார்த்த பேசணும். உள்ள வா.

— இங்கியே நிக்கறேங்க.

— வாசல்ல எதுக்குடா? இப்ப நீ கவுன்சிலரு. ஒரே பெஞ்சில படிச்சவன் வேற. கஜபதின்னு கூப்புட்டா வாய்லேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?

— பழக்கம் இல்லீங்க.

— சரி, வுடு. ஆடிக் கிருத்திகைக்கு மலையேற வர்றவங்களுக்கு கார் நிறுத்த எடம் பத்தலையாம். எங்க சத்திரத்த இடிச்சு பார்க்கிங் கட்டணுமாம். நூறு வருஷக் கட்டடம்டா. தூணெல்லாம் பர்மா தேக்கு.

— தெரியும். தீர்மானம் எங்க கூட்டத்துக்குத்தான வந்துச்சு.

— கைய தூக்குனியா?

— தூக்கல.

— அப்டி சொல்லு! ஊருக்கே சோறு போட்ட கட்டடம்னு காட்டிட்டா இடிக்க மாட்டாங்க, அவ்ளோதான். வாசக்கல்லப் பாரு. ‘சகல ஜனங்களுக்கும் அன்னம்’. எங்க கொள்ளுத்தாத்தா வெட்டி வெச்சது. அது நெஜம்னு இப்ப பாக்க வர்ற ஆபீசருங்ககிட்ட நீ சொல்லணும்.

— நான் எதுக்குங்க?

— எங்காளுங்க சொன்னா எடுபடுமா? உங்காளுங்கள்ல ஒருத்தன் சொல்லணும். வருஷா வருஷம் கிருத்திகைக்குக் காவடி தூக்கினு வருவாரே உங்கப்பா முனியன், இங்க சாப்ட்டாரா இல்லையா?

— சாப்ட்டாரு.

— அத சொல்லு. அவ்ளோதான்.

— எந்தப் பக்கம் நின்னு சாப்ட்டாருன்னு கேட்டா?

— எவன் கேக்கப் போறான்?

— பின்னால சுவத்துல ஒரு ஓட்ட. கை நொழையற அளவு. உள்ளேர்ந்து சோத்துருண்டைய தள்ளுவாங்க. எங்கப்பன் வெளிய துண்ட ஏந்திகினு நிப்பாரு. ஒரு வருஷம் நான் ஏந்தினேன். தள்ளின கை சின்னக் கை. வெரல்ல பாம்பு மோதிரம். மறுநாள் ஸ்கூல்ல அதே மோதிரத்த என் பெஞ்சில பாத்தேன்.

— சின்ன வயசுடா. நைனா தள்ளுன்னாரு, தள்ளினேன்.

— உங்கள ஒண்ணும் சொல்லலீங்க.

— அந்தக் கவலையே உனக்கு வேணாம். ஆபீசருங்க கண்ணுல பட்டா வம்புன்னு நேத்தே கொத்தனார வுட்டு அடைச்சுட்டேன். மேல சுண்ணாம்பும் அடிச்சாச்சு. போய்ப் பாரு, ஓட்ட இருந்த எடமே தெரியாது.

— அடைச்சுட்டீங்களா?

— ஆங். உனக்காவவும்தான். இருந்த ஒரு அசிங்கமும் போச்சு. அவ்ளோதான். ஏன்டா மூஞ்சி ஒரு மாதிரி போவுது?

— தீர்மானத்துக்கு ஏன் கை தூக்கலன்னு நீங்க கேக்கவே இல்லியே.

— ஏன்?

— அந்த ஓட்டைக்காவ. நான் சொன்னா எம் பசங்க சிரிக்குதுங்க. கத வுடாதப்பான்றாங்க. போய் கைய வுட்டுப் பாருங்கடான்னு காட்டறதுக்கு எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. இடிக்காதீங்கன்னு சொல்லத்தான் கெளம்பி வந்தேன்.

— அப்பறம் என்னடா? சத்திரம் முழுசா நிக்குது. தோ, வண்டி வந்துடுச்சு. வா, வந்து சொல்லு.

— எதக் காட்டிச் சொல்றது, கஜபதி?