முள்ளை ஏற்றியவன் நான்தான்

எனக்கு லைசன்ஸ் கிடையாது. இடது கண்ணில் புரை வேறு. ஆனாலும் பூண்டுலோயா மலைப்பாதையில் ஒரு தேயிலைக் கொழுந்து லொறியை மூன்று மாதம், ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் தொடாமல், இடது பக்க சீட்டில் வெற்றிலை மென்றபடி நான்தான் ஓட்டினேன். சிரிக்காதீர்கள். சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு சேர்த்துச் சிரிக்கலாம்.

என் பெயர் மாயாண்டி. தேயிலை ஃபெக்டரியில் முப்பத்தொரு வருடம் மெஷின் பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகும் ஃபெக்டரியைப் பார்க்காமல் இருக்க முடியாமல், தினமும் கொழுந்து லொறியின் முன்சீட்டில் ஏறிவிடுவேன். நான் கைவைத்தால் செத்த மெஷின் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கும். தோட்டத்தில் இதை நம்பாதவர்களும் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

லொறி டிரைவர் றொக்சன் நல்ல பையன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவனுக்கு ஒரே ஒரு குறை, கால் கனம். லொறியில் டர்போ இருந்தது, அழுத்தினால் விசில் அடிக்கும். அந்த விசிலுக்காகவே அழுத்துவான். பின்னால் சாக்குகளின் மேல் கொழுந்து பறிக்கும் பெண்கள் உட்கார்ந்து வருவார்கள். வளைவில் லொறி திரும்பி அரை நிமிடம் கழித்துத்தான் அவர்கள் திரும்புவார்கள்.

"டேய் றொக்சன், நாங்க என்ன கொழுந்தாடா, கொண்டுபோயிக் கொட்டுறதுக்கு?" என்று காளியாயி தினமும் கத்துவாள்.

"கெட்டியாப் புடிச்சிக்கங்க அக்கா, இது டர்போ" என்பான்.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு பூஸ்ட் மீட்டர் வாங்கி வந்தான். டர்போ என்ஜினுக்குள் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று காட்டும் சாமான். வட்ட முகம், ஒரு முள், ஓரத்தில் சிவப்புக் கோடு.

"மாமா, நீங்கதான் பூட்டித் தரணும். செவப்பு வரைக்கும் ஏத்திக் காட்டுறேன் பாருங்க."

அவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பழி யாருடையது என்று நீங்களே யோசியுங்கள்.

என்ஜினுக்குக் காற்றுப் போகும் குழாயிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் டியூப் எடுத்து, டாஷ்போர்டுக்குள் நுழைத்து, மீட்டரின் பின்னால் செருக வேண்டும். டாஷ்போர்டு வரைக்கும் எல்லாம் முறையாகவே செய்தேன். அங்கே அந்த டியூபின் வாயை ஓர் ஆணி வைத்து இறுக்கி அடைத்தேன். மீட்டரிலிருந்து வேறொரு டியூபை, கால்விரிப்புக்கு அடியில், என் சீட்டுக்குக் கொண்டுவந்தேன். நுனியில் மாட்டு டாக்டர் விட்டுப்போன பெரிய சிரிஞ்சு. தள்ளினால் முள் ஏறும், இழுத்தால் இறங்கும். எங்கள் ஊர்க் குளிரில் சால்வைக்குள் கை வைத்திருப்பவனை யார் சந்தேகிப்பார்கள்?

"செவப்பத் தொட்டா ஒடனே காலெடுத்துரு. இல்லாட்டி என்ஜின் வாயப் பொளந்துரும்" என்றேன்.

ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் தள்ளினேன். அவன் காலை எடுத்தான். பெண்கள் பின்னால் உட்கார்ந்தபடி தூங்கக்கூட ஆரம்பித்தார்கள். காளியாயி முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்தாள். எனக்கு உடைத்திருக்க வேண்டியது. நான் பெரிதுபடுத்தவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதையில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அங்கே வடை போடும் நேரமும் லொறி கடக்கும் நேரமும் ஒன்றாக இருந்தன. தள்ளினேன்.

"மாமா, சூடாயிருச்சு போல."

"பத்து நிமிசம் ஆற விடு தம்பி."

பிறகு என் மகள் வீட்டு வாசலில் ஒருமுறை ஆறவிட்டோம். பழைய கூட்டாளி கரம் போர்ட் விளையாடும் இடத்தில் தினமும் ஆறவிட்டோம். எல்லாம் என்ஜினின் நன்மைக்காக. கடைசியில் ஒரு நத்தை எங்களை முந்திப் போனது. ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போனது.

சாக்கில் இறுகிக் கிடக்கும் கொழுந்து, நேரம் போனால் சூடேறிச் சிவந்துவிடும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஒரே வாரத்தில் மூன்று முறை ஃபெக்டரியில் கொழுந்தை வேண்டாமென்று திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்துத் துரை றொக்சனை விசாரணைக்குக் கூப்பிட்டார். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். அவன் மனைவி அனோஜாவுக்கு எட்டாம் மாதம். விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து என் வாசலில் நின்றாள்.

"மாமா, நீங்க கூடத்தானே போறீங்க. அவரு வேணும்னு செய்யலன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன். என் வாழ்நாளில் மிகைப்படுத்தாமல் சொன்ன ஒரே சொல் அதுதான்.

மறுநாள் காலை ஒபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு எழுதும் கிளாக்கர் சிரித்தார். துரை சிரிக்கவில்லை, நம்பவுமில்லை. அவர்களையும் விசாரணைக்கு வந்திருந்த றொக்சனையும் லொறிக்குக் கூட்டிப் போனேன். முந்தின நாளிலிருந்து என்ஜின் ஓடவில்லை. சாவியைத் துரையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் என் சீட்டில் ஏறி, சால்வையைப் போர்த்தி, தள்ளினேன். முள் நேரே சிவப்புக்குப் போனது.

கிளாக்கர் வாயைப் பொத்திக்கொண்டார். றொக்சன் மட்டும் தலையை ஆட்டினான்.

"இல்ல சேர். சூடு காத்து உள்ளுக்கு நிக்குது, அதான் ஏறுது. இவரு எப்பவும் பொய்தான் சொல்வாரு. மூணு மாசமா ஒரு கெழவன் ஏமாத்துறது தெரியாமயா நான் லொறி ஓட்டுனேன்?"

துரை நிதானமாகக் கேட்டார். "மாயாண்டி செஞ்சிருந்தா இனி இவரு லொறியில ஏறக் கூடாது, நீ நாளைக்கும் ஓட்டலாம். இவரு செய்யலன்னா பிழை ஒன்னோடது. வீட்டையும் விடணும். எது சரி?"

றொக்சன் மீட்டரைப் பார்த்தான். அவனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சிரிஞ்சை மெல்ல இழுத்தேன். முள் இறங்கியது. தள்ளினேன், ஏறியது. அவன் காது இரண்டும் அந்தக் கோட்டைவிடச் சிவந்துவிட்டன.

"ஆமாங்க சேர்," என்றான், தரையைப் பார்த்து. "மூணு மாசமா லொறிய இவருதான் ஓட்டுனாரு. நான் சும்மா ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்."