பென்னி மிதிக்காத புல்

இல்லை மாமா, புல் கருகி வந்த முதல் வட்டம் நாய் பென்னியின் வேலை இல்லை. அது உங்கள் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டால் புல் ராத்திரி முழுக்க ஈரத்தில் கிடக்கும், பூஞ்சை பிடிக்கும். போதாததற்கு வாரம் ஒரு கை யூரியா வேறு தூவினீர்கள். பாசம்தான், தெரியும்.

உட்காருங்கள். கொத்தனார் பச்சையப்பன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அவர் இந்தப் புல்லைப் பெயர்த்துவிட்டு சிமெண்ட் போடுவதற்கு முன்னால் நீங்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. நாய் பாவம் என்பதால் சொல்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஆபீஸ் முன்னால் இருந்த புல்வெளியை முப்பத்தொரு வருடம் மிதிக்காமல் சுற்றிக்கொண்டே போனவர் நீங்கள். ரிடையர் ஆனதும் சோழவரத்தில் இந்த வீட்டு வாசலில் கொரியன் புல் போட்டீர்கள். இப்போது அதையும் சுற்றிக்கொண்டுதான் போகிறீர்கள். யாரும் மிதிக்கக் கூடாது, நீங்கள் உட்பட. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

நான் மருமகளாக வந்து மூன்று வருடம். மாமனார் மருமகளிடம் நேராகப் பேசுவது உங்கள் பக்கம் வழக்கமில்லை. அத்தை இருந்தவரை அத்தை வழியாகப் பேசினீர்கள், அத்தை போன பிறகு உங்கள் மகன் வழியாக. நான் காபி டம்ளரோடு எதிரிலேயே நிற்பேன். நீங்கள் அவரைப் பார்த்து, "டேய் அன்பு, அந்தப் பொண்ணாண்ட சொல்லு, சக்கரை தூக்கலா கீது" என்பீர்கள். அவர் என் பக்கம் திரும்பி அதையே சொல்வார். அவர் ஷிப்டுக்குப் போயிருந்தால் சுவரில் இருக்கும் முருகன் காலண்டரிடம் சொல்வீர்கள். முருகன் ஒருநாளும் சர்க்கரையைக் குறைத்ததில்லை.

முதல் வட்டம் வந்த அன்று காலையில் வாசலில் இருந்து உங்கள் குரல் கேட்டது.

"குணசுந்தரி, இங்க வாம்மா. இன்னாமா இது, புல்லு வெந்துபோன மாதிரி கீது?"

முழுப் பெயர். அது உங்களுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

போனில் தேடிப் படித்துச் சொன்னேன். தண்ணீர் விடியற்காலையில் மட்டும், யூரியா வேண்டாம், மெஷின் பிளேடைத் தீட்டுங்கள், வெட்டிய புல்லை வாரிவிடுங்கள், பூஞ்சைக்கொல்லி ஒரே ஒரு தடவை. எல்லாவற்றையும் செய்தீர்கள். தினமும் காலையில் இருவரும் குனிந்து, பனி ஈரத்தில் வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை தெரிகிறதா என்று பார்த்தோம். ஒருநாள் உங்கள் மேனேஜர் அந்த ஆபீஸ் புல்லில் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லி நீங்களே சிரித்தீர்கள். மூன்று வாரத்தில் வட்டம் மூடிக்கொண்டது. மறுநாள் சர்க்கரை விஷயத்தை மறுபடி முருகனிடம் சொன்னீர்கள்.

வைத்தியத்தைத் தேவைக்கு மேல் நன்றாகப் பார்த்துவிட்டேன் என்று புரிந்தது.

அதனால்தான் இரண்டாவது வட்டம். நீங்கள் மதியம் தூங்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் யூரியா. நடுவில் கருகி, ஓரத்தில் கரும்பச்சையாக வரும். நாய் மூத்திரம் பட்டாலும் அப்படித்தான் ஆகும். ஆனால் நான் நாயை நினைத்துச் செய்யவில்லை. "இது வேற மாதிரி கீதே, இன்னாமா இது?" என்று கேட்டீர்கள். எனக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டு ஷைனி அக்காவின் பென்னி அந்த நேரம் பார்த்து நம் கேட்டுக்கு அடியில் தலையை நீட்டினான்.

"பென்னிக்குப் பதினோரு வயசு அங்கிள். ஒரு கண்ணு வேற தெரியாது. குறி பாத்து உங்க புல்லுலதான் வந்து போவானா?" என்று ஷைனி அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. வட்டத்தின் ஓரத்தைச் சுட்டி, "பச்சையைப் பாருங்கக்கா, இது நாய்தான்" என்று சொன்னவள் நான். மூன்றாவதும் நான்காவதும் வந்ததும் அவர் அவனை ஆர்.கே.பேட்டையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேனில் ஏற்றும்போது பென்னி என் கையைத்தான் நக்கினான். அக்கா அழுதுகொண்டே அவனுடைய சாப்பாட்டுக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். "இந்தத் தெருவுல அவனுக்கு பிஸ்கட் போட்டவ நீ ஒருத்திதான். நீயே வச்சிக்கோ."

இப்போது அதில்தான் யூரியா கரைக்கிறேன். ஆழம் சரியாக இருக்கிறது.

ஐந்தாவதுதான் என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். நாய் போன பிறகு வட்டம் வந்தால் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் பத்து நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வட்டத்தைப் பார்த்த பிறகும் என்னைக் கூப்பிடவில்லை. நேற்று உங்கள் மகனிடம், "மண்ணே சரியில்லடா. எல்லாத்தையும் பேத்துடலாம். அந்தப் பொண்ணாண்ட சொல்லு, நாளைக்குக் கொத்தனாருக்கு டீ போடணும்னு" என்றீர்கள்.

சிமெண்டுக்கு எந்த நோயும் வராது, மாமா. அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இந்த வட்டங்களுக்கு மருந்தே வேண்டாம். நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி, காய்ந்ததை வாரிவிட்டு, ஓரத்துப் புல்லில் ஒரு பிடி எடுத்து நட்டால் மூடிவிடும். இரண்டு மாதம் ஆகலாம். தினம் காலையில் நீங்களும் நானும் பார்த்துக்கொண்டால் போதும். பச்சையப்பனை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பென்னியை அவசரமாகக் கூட்டிவரத் தேவையில்லை, அங்கே பழகியிருப்பான்.

தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கிறது. ஷிப்ட் முடிந்து அவர் வந்துவிட்டார். திட்டுவதானால் திட்டுங்கள், நியாயம்தான். ஆனால் அவர் கேட்டைத் திறப்பதற்கு முன்னால், என்னைப் பார்த்து, பெயர் சொல்லித் திட்டுங்கள், மாமா.