பாலத்தடி அண்ணனின் இருமல்

உள்ளூர் வானொலி நடத்துகிறவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது, மேடம். அவர்களில் ஒருவனாக இருந்துகொண்டேதான் சொல்கிறேன். கடைக்குப் போய் உப்பு கேட்டால்கூட எங்கள் குரலில் ஒரு இழுவை வந்துவிடும். வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்காத ஆட்கள்தான் இந்தத் தொழிலுக்கு வந்து சேர்கிறோம் என்பது என் கணிப்பு. டீக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை.

நம் ஊரில் இரண்டு நிலையங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். மேட்டுத் தெருவில் இருப்பதை ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை நடத்துகிறார். செய்தியை வருகைப் பதிவு எடுப்பது போல வாசிப்பார். வெளியே போகும்போது குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதையே ஒரு நிகழ்ச்சி என்று நினைக்கிறவர். எங்கள் நிலையம் மெத்தைக் கடையின் மாடியில். முதலாளிக்கு மெத்தை வியாபாரம்தான் பிரதானம். விற்காத மெத்தைகளைச் சுவரோடு சாய்த்துவைத்து, எதிரொலி இல்லாத ஸ்டூடியோ என்று பெருமை அடித்துக்கொள்வார். அவற்றில் விலைச்சீட்டைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை.

மாலையில் வரும் 'நேயர் நேரம்' என்னுடையது. நேயர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு ஊர் விஷயங்களில் கருத்துச் சொல்ல வேண்டும். ஒருவரும் கூப்பிடவில்லை. நான் பாட்டுக்கு ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, போனே வரலைன்னா அந்த நேரத்துக்கும் மெத்தை விளம்பரமே போட்டுடலாமே?" என்றார். எனக்கு மானம் போய்விட்டது. அன்றைக்குத்தான் பாலத்தடி அண்ணன் பிறந்தார்.

காகிதக் கோப்பையின் அடியில் ஒரு ஓட்டை போட்டு அதற்குள் பேசினால், தூரத்திலிருந்து போனில் பேசுவது போலவே இருக்கும். வேண்டுமானால் இந்தக் கோப்பையிலேயே செய்து காட்டுகிறேன். வேண்டாமா, சரி. ஆற்றங்கரைக்குக் கீழே பள்ளத்துத் தெருக்களில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர்கள் நிறைய. அவர்களில் ஒருவராக அவரை வைத்தேன். பேசுவதற்கு முன்னால் ஒரு நீளமான இருமல். பிறகு, "தம்பி, நீ அளந்தது போதும், பாட்டைப் போடு" என்று என்னையே திட்டுவார். ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. நான் சொன்னால் சிரிப்பார்கள், அவர் சொன்னால் நம்புவார்கள். குழாயடிச் சண்டையில்கூட அவர் பேச்சை மேற்கோள் காட்டினார்கள். அவருக்காக இருமல் மருந்து வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தவர்கள் உண்டு. அவரிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லி வாங்கிவைத்து, எனக்குத் தொண்டை கட்டியபோது நானே குடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகக் கேட்டது.

ரகசியம் தெரிந்தவள் என் அக்கா ஒருத்திதான். அவள் கட்டிக்கொண்டு போனதும் அதே பள்ளத்துத் தெருவுக்குத்தான். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "டேய், அது அப்பாவோட இருமல்டா. மனுஷன் செத்தும் உன்கிட்ட சம்பளமில்லாம உழைக்கிறார்" என்று சிரித்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. என் நிகழ்ச்சியை ஒருநாள் விடாமல் கேட்டது அவள்தான். எனக்கு அவளைப் போல யாரும் இல்லை.

அந்த மழையில் மேட்டுத் தெரு டீச்சரம்மா தன் நிலையத்தில், ஆற்றங்கரை பலவீனமாகிவிட்டது, பள்ளத்தில் இருக்கிறவர்கள் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று அறிவித்தார். எல்லோரும் பாய், தலையணை, கோழி, குழந்தை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேடேறினார்கள். கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் நனைந்து நடுங்கி, டீச்சரம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, மேடம். காலையிலிருந்தே அண்ணனை இருமவைத்து அந்த அம்மாளை வாரினேன். "டீச்சருக்கு மழைன்னா லீவு விட்டே பழக்கம், பாவம்" என்றார் அண்ணன். அன்று மாலை எங்கள் போன் நிஜமாகவே அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நிஜ ஆட்கள், நிஜக் குரல்கள். எல்லோருக்கும் டீச்சரம்மாவைக் கிண்டல் செய்ய வேண்டும். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சாயங்காலம் வந்ததே இல்லை.

அதற்கு நடுவில்தான் அக்கா கூப்பிட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"டேய், நான்தான். சமையலறைத் தரைக்கு அடியிலேர்ந்து தண்ணி ஊறுதுடா. சேத்துத் தண்ணி. கரையை உள்ளுக்குள்ள அரிச்சிருச்சு. எல்லாரையும் கிளம்பச் சொல்லு."

"நேத்தும் இப்படித்தானே சொன்னாங்க?"

"அதான்டா சொல்றேன். இனிமே டீச்சர் சொன்னா ஒருத்தரும் அசைய மாட்டாங்க. உங்க அத்தானே நான் சொல்றதைக் கேட்காம ரேடியோ முன்னாடி உட்கார்ந்திருக்கார். உன் அண்ணன் சொன்னா தெருவே கிளம்பும். இவங்களை விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போவேன்?"

"சரிக்கா. லைன்லயே இரு."

அவள் இணைப்பை அப்படியே நிறுத்திவைத்தேன். எங்கள் மேசையில் காத்திருக்கும் அழைப்புக்கு ஒரு சிவப்பு விளக்கு மின்னும். பாட்டு முடிந்ததும் கோப்பையை எடுத்தேன். சொல்லத்தான் எடுத்தேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வாயருகே கொண்டுபோகும்போது ஒரு யோசனை வந்தது. இப்போது கிளம்பச் சொன்னால், காலையிலிருந்து நான் சிரித்ததெல்லாம் என்ன ஆவது? டீச்சரம்மா சொன்னது சரி என்று என் அண்ணன் வாயாலேயே ஒப்புக்கொள்வதா? தரையில் நீர் ஊறுவது மழைக்காலத்தில் எந்த வீட்டில்தான் இல்லை? கிளம்பிப் போய் இன்றைக்கும் ஒன்றும் ஆகாவிட்டால், நாளைக்கு அந்த அம்மாள் என்னை வாருவார். நான் நியாயமாகத்தான் யோசித்தேன்.

இருமினேன். அவ்வளவு நல்ல இருமல் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை. "தம்பி, நான் கரை மேலதான் நிக்கிறேன். செருப்புகூட நனையலை. எல்லாரும் பேசாம சாப்பிட்டுட்டுப் படுங்கப்பா" என்றேன். அக்காவும் ரேடியோவில் கேட்டிருப்பாள். விளக்கு மின்னிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்சம் நீளமான பாட்டாகப் பார்த்துப் போட்டேன். முடிந்ததும் எடுத்து அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று இருந்தேன். பாட்டு முடிவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

கரை உடைந்ததும் மற்றதும் உங்களுக்கே தெரியும். அக்காவையும் அத்தானையும் உங்கள் மீட்பு ஆட்கள்தான் சேற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாள் மைக் முன்னால் அழுதேன். நிஜமான அழுகைதான். மைக் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் கவனித்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம். மிச்சம் இருந்தவர்கள் பாலத்தடி அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். அவர் கரை மேல் அல்லவா நின்றிருந்தார்? வேறு வழி தெரியவில்லை. அவரையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று அறிவித்தேன். ஊரே கதறியது. படுக்கச் சொன்னவர் அவர்தான் என்று ஒருவரும் கோபப்படவில்லை. செத்தவரை யார் கோபிப்பார்கள்? உயிரோடு இருக்கும் என்னையும் கோபிக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

நீங்கள் இன்னும் சேற்றில் தேடிக்கொண்டிருக்கும் அந்தக் கடைசி ஆள் கிடைக்க மாட்டார், மேடம். அவரைத் தேடி இறங்கிய உங்கள் ஆள் ஒருவர் காலை உடைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டபோதே வந்து சொல்லியிருக்கலாம். கிளம்பச் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டேன். நேயர் நேரம் வந்துவிட்டது, வர முடியவில்லை.

இன்றைக்கு ஏன் வந்தேன் என்றுதானே கேட்டீர்கள். காலையில் டீச்சரம்மா தன் நிலையத்தில் அண்ணனுக்கு அஞ்சலி நிகழ்ச்சி அறிவித்தார். அண்ணன் தன்னுடைய நிலையத்துக்கும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார், அந்த இருமலை மறக்க முடியுமா என்றார். உறுதியாகத் தெரியாத எதையும் சொல்லாத அம்மாள் சொன்னது பச்சைப் பொய். அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தவனால் அதை மட்டும் தாங்க முடியவில்லை. என் அப்பாவின் இருமலை அவர் எடுத்துக்கொள்வதா? கிளம்பி நேராக இங்கே வந்துவிட்டேன். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: பாலத்தடி அண்ணன் நான்தான். கரை காய்ந்திருக்கிறது என்று சொன்னவன் நான்தான். என் அக்கா லைனில் காத்திருக்கும்போதே சொன்னேன்.

ஒரு திருத்தம் மட்டும். போனை யாரும் வைக்கவில்லை, வீட்டில் தண்ணீர் ஏறி இணைப்பு அறுந்தது என்று தொலைபேசி அலுவலக ஆள் சொன்னதாகச் சொன்னீர்கள். அவருக்கு என் அக்காவைத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காக்கவைத்தேன் என்று கோபித்துக்கொண்டு அவளேதான் போனை வைத்துவிட்டாள். அதை மட்டும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.