பதினாலு முதுகு

ஹலோ... ம், சொல்லு தம்பி... ஆமாம், கடையிலதான். பின்னாடி ரூம்ல இருக்கேன்... லென்ஸ் தேய்க்கிற மிஷின்டா அது, இரு, நிறுத்தறேன்... ம். இப்போ கேக்குதா?... என்ன சைஸா? எதுக்கு என் சைஸ்?... டீசர்ட்டா? எனக்கு எதுக்குடா டீசர்ட்?

இரு, இரு. டீசர்ட்ட விடு. முதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. எங்க முதலாளிக்கு நீ போன் பண்ணியா?... பண்ணினியா இல்லையா, அத மட்டும் சொல்லு... என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயேவா?... காலையில கடையத் திறந்ததும் திறக்காததுமா என்னைக் கூப்பிட்டு, "உன் தம்பி எவ்ளோ பொறுப்பா பேசினாரும்மா, உன் லீவ இருபதாம் தேதிக்கு மாத்திட்டேன், குடும்பத்தோட சந்தோஷமா போயிட்டு வா"ங்கறாரு. நான் என்னத்தச் சொல்ல? "சரி சார்"ன்னேன். இந்தக் கடையில சேந்ததுலேருந்து முதல் தடவையா பத்து நாள் சேந்தாப்ல லீவு கேட்டு வாங்கினேன்டா. பதினொண்ணாம் தேதிலேருந்து. நீ ஒரே ஒரு போன்ல...

ஆமாம்... ஆமாம்... ஆமாம்டா, நல்லதுக்குத்தான். நீ எது பண்ணினாலும் நல்லதுக்குத்தான்.

யாரு பதினாலு பேரு?... போன வாரம் ஒன்பதுன்ன?... சித்தப்பாவுமா! அவருக்குக் கடைத்தெரு வரைக்கும் போனாலே மூச்சு வாங்குமே... ஓ, வேன்லயே வருவாரா. அப்போ அவரு நடக்கல... மைக்கா? வழி பூரா பாடிட்டே வருவாரா?... சிரிக்கலடா. இருமினேன்.

இங்க பாரு, நான் ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாம கேளு. நான் மலைக்கோயிலுக்கு நடந்து போறேன்னு சொன்னது பழைய வழியில. கால்வாய் ஓரமாவே போய், கல்குவாரி தாண்டி, மலைக்குப் பின்பக்கமா ஏறுற வழி. அதுல வேன் போகாது... அது தெரியுமா?... தெரிஞ்சுமா?... மெயின் ரோட்டுக்கு மாத்திட்டியா! யாரக் கேட்டு மாத்தின?

...அப்படி ஒண்ணும் கண்ணக் கட்டிட்டுப் போகலடா. ஒரு ரிட்டயர்டு சர்வேயர் நம்ம கடைக்குக் கண்ணாடி மாத்த வருவாரு. அந்த வழிய அளந்தவரே அவருதான். பவர் எழுதின சீட்டுக்குப் பின்னாடி பேனாவால வரைஞ்சு குடுத்திருக்காரு. ஒன்பது நாள். எங்க தண்ணி கிடைக்கும், எங்க படுக்கலாம், எல்லாம் குறிச்சிருக்கு. முதல் நாள் பள்ளிக்கூட வராண்டா. ரெண்டாவது நாள் மதகுக்காரர் ரூம். மூணாவது நாள் செங்கல் சூளை... ஆமாம், அந்த மூணாவது நாள்தான். இருபத்திரண்டு கிலோமீட்டருக்குக் கடையே கிடையாது. ரெண்டு பாட்டில் தண்ணி கூட எடுத்துக்கணும். அவ்ளோதான விஷயம்?

அத எதுக்குடா போய் அம்மாகிட்ட சொன்ன? என்ன பண்ணி வெச்சிருக்காங்க தெரியுமா? என் ஷூவ எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு வீடு பூரா சுத்தறாங்க. நாப்பத்தேழு வயசு எனக்கு... நீ சிரி. மூணு மாசமா விடிஞ்சா ஆறு கிலோமீட்டர் நடந்து, கொப்புளம் வந்து, உடைஞ்சு, அந்த ஷூவ இப்பதான் காலுக்குப் பழக்கியிருந்தேன்.

வரேன் சார்!... ரெண்டே நிமிஷம்!... அந்த ரிம்லெஸ் முடிஞ்சுடுச்சு சார், டேபிள் மேல இருக்கு!... முதலாளிடா. ம், நீ சொல்லு.

தனியா போனா என்ன ஆகும்?... பாம்பு. சரி... திருடன். சரி... மயக்கம் போட்டு விழுந்தா. ம்... டேய், உன் டிரைவிங் ஸ்கூல் கார்ல உன் பக்கமும் ஒரு பிரேக் வெச்சிருக்கல்ல? அது கத்துக்க வர்றவங்களுக்கு. எனக்கில்ல.

சரி, கோவப்படாத. எல்லாரும் ஆசையா கிளம்பறீங்க, எனக்குப் புரியுது. நீங்க போயிட்டு வாங்க. நான் அப்பறமா ஒரு தேதி பாத்து... ஏன் முடியாது?... என் பேர்லயா ரூம் போட்டிருக்க?... "அக்கா தலைமையில"யா! வேன் முன்னாடி பேனரா!... ஐயோ... யார் யார்கிட்டல்லாம் சொல்லிட்ட?... எல்லாருமா.

...

ம்... இருக்கேன்... ஒண்ணுமில்ல. ஃபேனப் போட்டேன், இந்த ரூம்ல ஜன்னல் இல்ல... சரிடா. மீடியம். மீடியம்னு எழுதிக்கோ. போதுமா?... பின்னாடி என்ன அடிக்கப் போற?... என்ன போட்டோ?

...அப்பாவோடதா?

முதுகுலயா?

...இல்ல... லைன்லதான் இருக்கேன். எந்த போட்டோ?... கண்ணாடி போட்டிருப்பாரே, அதா... ம். அந்தக் கண்ணாடி நான் தேய்ச்சதுதான்.

வேணாம்டா... நல்லாதான் இருக்கும், இருந்தாலும் வேணாம்... தம்பி, நான் மெதுவா நடக்கறவ. நீங்க எல்லாரும் முன்னாடி போவீங்க. பதினாலு முதுகுலயும் அப்பா என்னையே பாத்துக்கிட்டு வருவாரு. மெயின் ரோட்டுல போற அஞ்சு நாளும். என்னால முடியாது... முடியாதுன்னா முடியாது!... கத்தல... சரி, கத்திட்டேன். இரு, கதவச் சாத்திக்கறேன்.

...நீ எங்க இருக்க இப்போ?... ஓட்டிட்டே பேசறியா? ஓரமா நிறுத்து... பக்கத்துல கத்துக்கறவங்க யாராவது?... யாரும் இல்லல்ல? சரி.

நீங்க எல்லாரும் என்ன நெனைச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அப்பா பொழைக்கணும்னு நான் வேண்டிக்கிட்டேன், பொழைக்கல, இருந்தாலும் சொன்ன சொல்லுக்காக நடக்கறேன்னு. சித்தப்பா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு, "உன்ன மாதிரி பொண்ணு யாருக்கு வாய்க்கும்"னு. நானும் சும்மா நின்னேன்... அது இல்லடா.

போன வருஷம், ஆஸ்பத்திரியில அந்த முப்பத்தொண்ணாவது நாள்... ஆமாம், கடைசி நாள். குழாயப் புடுங்கப் பாக்கறாரு, ரெண்டு கையையும் கட்டிலோட சேத்துக் கட்டணும்னு நர்ஸ் வந்து சொன்னாங்க. கையெழுத்துப் போட்டது நான்தான். நீ அப்போ கீழ போயிருந்த, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தறதுக்கு ஆம்புலன்ஸ் பேச. துணியால கட்டறப்போ அப்பா என்னைப் பாத்தாரு. கண்ணாடி இல்ல. என் முகம்கூடத் தெரிஞ்சிருக்காது அவருக்கு. ஆனா பாத்தாரு.

வெளிய வந்து மாடிப்படியில உக்காந்தேன். உக்காந்து... சாமிகிட்ட கேட்டுட்டேன்டா. எடுத்துக்கோன்னு. இன்னிக்கே எடுத்துக்கோ, எடுத்துக்கிட்டா பழைய வழியில, தனியா, யாரும் கூட இல்லாம உன்கிட்ட நடந்து வரேன்னு. அன்னிக்கே... சாயங்காலம் நாலு மணிக்கு...

ஆமாம். அதுக்குத்தான் நடக்கறேன். நான் கேட்டது கிடைச்சுதே, அதுக்கு.

...

ஹலோ?... இருக்கியா?... திட்டணும்னா திட்டு. நீ சோறு தண்ணி இல்லாம ஓடிக்கிட்டு இருந்த, நான் மேல உக்காந்து இந்த வேலை பண்ணியிருக்கேன். திட்டுடா.

...என்ன?... கேக்கல, திரும்பச் சொல்லு... பேசலயா?... ஆம்புலன்ஸ் பேசவே இல்லயா?

"ஏற்பாடு பண்ணிட்டேன், காலையில வந்துடும்"னு சொன்னியேடா. அம்மாகிட்ட, சித்தப்பாகிட்ட, என்கிட்ட... போன கையில வெச்சுக்கிட்டு சும்மா நின்னியா?... எவ்ளோ நேரம்?... ஆஸ்பத்திரி வாசல்லயேவா?... ம்... ம்... போதும்னு உனக்கும் தோணிடுச்சு... ம். யார்கிட்டயும் சொல்லலயா? உன் பொண்டாட்டிகிட்டக்கூட?

...அதான் இவ்ளோ பேரச் சேத்தியா. வேனு, மைக்கு, பேனரு...

சரி... சரி, அழு. நான் வைக்க மாட்டேன். அழு.

...

மூக்கச் சிந்திக்கோ... இல்லடா, பேசியிருந்தா மட்டும்?... எனக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியாது. விடு.

என்ன?... என்கூடவா?... பழைய வழியிலயா?... ஐயோ தம்பி... தனியா வரேன்னு சொல்லித்தான கேட்டேன். யாரும் கூட இல்லாமன்னு என் வாயாலயே சொல்லிட்டேனே... தெரியுது. புரியுதுடா. மூணு மாசமா உங்க எல்லார்கிட்டேருந்தும் எப்படித் தப்பிக்கறதுன்னு கெடந்தேன். இப்போ உன்னக் கூட்டிட்டுப் போகணும்னு இருக்கு, என் வார்த்தையே குறுக்க நிக்குது... இல்ல, மாத்த முடியாது. அத மட்டும் மாத்தச் சொல்லாத.

...இரு. இரு, யோசிக்கறேன்.

நீ மறுநாள் கிளம்பினா?... நான் பதினொண்ணு. நீ பன்னெண்டு. நடுவுல ஒரு நாள் நடை. நான் படுத்த வராண்டாவுல மறுநாள் நீ படு. மதகுக்காரர்கிட்ட, நாளைக்கு என் தம்பி வருவான், கதவத் திறந்து வைங்கன்னு சொல்லிட்டுப் போறேன். சர்வேயர் சீட்ட ஜெராக்ஸ் எடுத்துத் தரேன். நானும் தனியாதான் போறேன், நீயும் தனியாதான் வர்ற. யாரு கேக்க முடியும்?

வேனா?... உன் பொண்டாட்டி ஓட்டட்டும். உன்கிட்ட கத்துக்கிட்டவதான? உன்ன விட நல்லா ஓட்டுவா... அவங்க எல்லாரும் இருபதாம் தேதி மெயின் ரோட்டுலயே போகட்டும்... டீசர்ட் போட்டுக்கிட்டே போகட்டும்டா. அப்பாவ நெனைச்சு ஆசையா போறாங்க, அதுல நாம கை வைக்க வேணாம்... என்னத்தயாவது சொல்லுவோம். தலைமை தாங்கறவளுக்கு லீவு கிடைக்கலன்னு சொல்லு.

இல்ல. அம்மாகிட்ட சொல்ல முடியாது... எப்பவுமே முடியாது. இத நீயும் நானும் வெச்சுக்கிட்டுத்தான் இருக்கணும்.

முதலாளிகிட்டயா? நீ பேசாத! நீ பேசினதே போதும். நானே கேட்டுக்கறேன்... ஷூவ மட்டும் நீ வாங்கிக் குடு. நீ கேட்டா குடுப்பாங்க. நீதான பையன்.

வந்துட்டேன் சார்!... வந்துட்டேன்!... தம்பி, ஒரு அம்மா கண்ணாடிக்கு நிக்கறாங்களாம், வைக்கட்டுமா?... ம்?... என்ன கேட்ட?

...நடந்தா இந்த உறுத்தல் போயிடுமான்னா?

தெரியலடா... நிஜமா தெரியல... நான் ஒரு நாள் முன்னாடி போறேன்ல, போய்ப் பாத்து... ஹலோ?... விட்டு விட்டுக் கேக்குது... தம்பி?... ஹலோ?...