முஹ்ஸின் திருப்பித் தந்த கத்தி

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை, இன்ஸ்பெக்டர் மாத்தயா. கடை வைத்திருக்கிறவனுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. நீங்கள் ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

பெயர் ஸெய்னுலாப்தீன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பதினேழு வருடமாகக் கத்திக்கடை. இப்போதெல்லாம் அதிகம் போவது சீமையிலிருந்து வரும் புதுக் கத்திதான். குரோமியம் என்று ஏதோ உலோகத்தைக் கலந்து உருக்குகிறார்களாம். கண்டி மழையில் ஒரு கிழமை கிடந்தாலும் கறள் பிடிக்காது, ஆனால் கூர் நிற்காது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எனக்கு எதிலுமே லேசில் நம்பிக்கை வராது. அது குறையென்றால் குறைதான்.

வீட்டில் இருந்தது வேறு கத்தி. என் மனைவி றலியாவின் வாப்பா மௌத்தாவதற்கு முன் என் கையில் தந்தது. பழைய காலத்து உருக்கு. அலகு முழுவதும் ஓடைத் தண்ணீர் மாதிரி வரிவரியாக இருக்கும். பெற்ற மகன் முஹ்ஸின் இருக்க, மருமகனான எனக்குத் தந்தார். முஹ்ஸின் றலியாவின் தம்பி, அலவத்துகொடையில் பட்டறை வைத்திருந்தான். கத்தி எனக்கு வந்ததற்காக அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. மனிதனுக்கு வருத்தம் வராமல் இருக்குமா?

போன மாதம் கத்தியின் கொம்புப் பிடி வெடித்தது. புதுப் பிடி போடச் சொல்லி அவனிடம் கொடுத்தேன். அதே கிழமை பேராதெனிப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் அவன் பட்டறைக்குப் போயிருக்கிறார். பழைய உருக்குச் சேர்க்கும் பைத்தியம் அவருக்கு. இரண்டு முறை என்னிடம் அந்தக் கத்தியைக் கேட்டார், நான் மறுத்துவிட்டேன். முஹ்ஸினுக்கு அவர் அந்தக் குரோமிய உருக்கில் ஒரு துண்டைச் சும்மா கொடுத்தாராம், அடித்துப் பார்க்கச் சொல்லி. துரைமார் எதைச் சும்மா தருவார்கள்?

ஒன்பது நாள் கழித்துக் கத்தி வந்தது. வரிகள் மங்கியிருந்தன.

"பிடி ஒட்டின அரக்குப் புகை பட்டிருக்கு மச்சான். தேசிக்காய் பூசினாச் சரிவரும்," என்றான். வெகு இலகுவாகச் சொன்னான்.

உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. உண்மையான வரி உருக்கின் உடம்புக்குள்ளேயே ஓடும். எவ்வளவு தேய்த்தாலும் தேசிக்காய்ப் புளி பட்டதும் திரும்ப எழும். கள்ள வரி அமிலத்தால் மேலே கீறியது. தேய்த்தால் போனது போனதுதான். ஆகவே கடைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு பக்கத்தைக் கண்ணாடியாகத் தேய்த்தேன். தேய்த்த கையோடு எண்ணெய் பூசினேன்; எல்லாக் கத்திக்கும் செய்வதுதான், கை தானாகப் போய்விடும். பிறகு தேசிக்காயை வெட்டிப் பூசிக் காத்திருந்தேன். வரி வரவில்லை. மூன்று முறை பூசிப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடம் நான் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை.

அசலைத் துரைக்குக் கொடுத்துவிட்டுக் கள்ளக் கத்தியைத் தந்திருக்கிறான் என்று றலியாவிடம் சொன்னேன். "வாப்பாட கத்திய எங்கட தம்பி மாத்துவானா? அல்லாவுக்குப் பயமில்லாமப் பேசாதீங்க," என்றாள். பள்ளிவாசலில் நாலு பேர் காதில் போட்டுவைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பஸ் ஏறினேன். பையில் இரண்டு கத்தி, ஒன்று சீமைக் கத்தி, மற்றது அது. முஹ்ஸின் உலையடியில் தனியாகக் குந்தியிருந்தான். தேய்த்த பக்கத்தைக் காட்டினேன். வாங்கி, விரலால் தடவி, முகர்ந்தும் பார்த்தான்.

"என்ன மச்சான், எண்ணெய்க்கு மேலயே புளி பூசியிருக்கீங்க. எப்படிப் பிடிக்கும்? சாம்பல் போட்டுக் கழுவிட்டுப் பூசணும்," என்று சிரித்துக்கொண்டே கத்தியைத் திருப்பித் தந்தான்.

அவ்வளவு சுருக்காகப் பதில் வந்தது. குற்றமில்லாதவன் தடுமாறுவான், சத்தியம் பண்ணுவான். இவன் முன்கூட்டியே யோசித்து வைத்ததைச் சொல்கிறான் என்று எனக்குப் பட்டது. அவன் சாம்பல் அள்ளத் திரும்பினான். நான் சீமைக் கத்தியை எடுக்கவில்லை. அது எலும்பில் பட்டால் மடங்கும், அவனுக்கு வீண் வேதனை. அவன் தந்ததையே பாவித்தேன். கள்ள உருக்கென்றால் இதுவும் மடங்கும், அதையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். மடங்கவில்லை.

பிறகு அவன் சொன்னபடியே சாம்பல் போட்டுக் கழுவினேன். மடியில் பாதித் தேசிக்காய் இருந்தது, பூசினேன். கொஞ்ச நேரத்தில் வரிகள் எழுந்தன, வாப்பா தந்த நாளில் இருந்த மாதிரியே. முஹ்ஸினுக்கு அப்போதும் மூச்சு இருந்தது. அவனுக்கும் காட்டினேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அலவத்துகொடை முஹ்ஸினைக் குத்தியவன் நான்தான். அவன் கள்ளன் இல்லை. ஊரில் அதைச் சோதித்து அறிந்தவன் நான் ஒருவன் மட்டுமே. பள்ளிவாசலிலும் சொல்லிவிடுங்கள், அவன் பேர் கெடக்கூடாது.

றலியாதான் மனதை அரிக்கிறாள். இன்றைக்கு நான் இங்கே வரும்வரை, மூன்று நாளாக என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீட்டிலிருந்த கத்திகளை எல்லாம் அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாள். கூடப்பிறந்தவன் செத்தும் அழாத பெண் எதையோ மறைக்கிறாள் என்றுதான் அர்த்தம். ஒரு மணித்தியாலம் என்னை வீட்டுக்கு விட்டீர்களென்றால், அதையும் தெரிந்துகொண்டு வந்துவிடுவேன்.