முப்பத்தொரு கடைசித் தாள்கள்

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கிழிந்த புத்தகங்களை ஒட்ட உட்காருவேன். இருபத்தாறு வருடப் பழக்கம். பள்ளி நூலகரின் மேசையில் பிளேடும் பசையும் இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள் நீங்களும் முதலில் என் கணினியைத்தான் எடுத்துக்கொண்டு போனீர்கள்.

பிரையரிலிருந்து ஆரம்பிக்கிறேன். போன ஆகஸ்டில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கில ஆசிரியராக வந்தவர். வந்த வாரமே நூலகக் கிடங்கில் ஒரு பழைய கதைத் தொகுப்பைக் கண்டெடுத்தார். முப்பத்தொரு பிரதிகள். அதைத் தான் சின்ன வயதில் படித்ததாகவும் தன் பிரதி இன்னும் தன்னிடம் இருப்பதாகவும் சொன்னார். அதிலுள்ள ‘குதிர்’ என்ற கதையை அக்டோபரில் பாடமாக வைக்கப் போகிறாராம்.

“எல்லாம் பண்ணை வீட்டுப் பிள்ளைங்க. அவங்க நல்லா பயப்படணும், மிஸ் ரஸ்டாட். இதைப் படிச்சிட்டு நான் ஒரு மாசம் சரியா தூங்கல.”

“நீங்க எங்க வளந்தீங்க?”

“மினியாபொலிஸ். அபார்ட்மென்ட்ல.”

“அங்க எத்தனை குதிர் இருந்துச்சு?”

சிரித்தார். “ஒரு பிள்ளையையாவது இது காப்பாத்தும், பாருங்க” என்றார்.

கதை ஏழு பக்கம். ஒரு பண்ணை. மூன்று மாடி உயரத்துக்கு ஓர் இரும்புக் குதிர், நிறைய மக்காச்சோளம். அடியில் ஓடும் இயந்திரம் சோளத்தை உறிஞ்சி லாரியில் கொட்டுகிறது. மேலே கட்டிதட்டிப்போன சோளத்தைக் குத்திவிட ஒரு பையன் உள்ளே இறங்குகிறான். சோளம் அவனைக் கீழே இழுக்கிறது. அக்கா ஏணியிலிருந்து பார்க்கிறாள். இயந்திரத்தை நிறுத்தாமல் அவனைப் பிடிக்க உள்ளே இறங்குகிறாள். கடைசிப் பக்கத்தில் அப்பா வருகிறார். லாரி நிரம்பி வழிகிறது. குதிருக்குள் சத்தமில்லை. அவ்வளவுதான்.

அதே தொகுப்பை நான் 1971இல், பத்து வயதில் படித்தேன். அந்த வருடம் நவம்பரில் என் தம்பி கீத் எங்கள் குதிரில் மாட்டிக்கொண்டான். அவனுக்கு ஏழு வயது. நான் ஏணியின் உச்சியில் இருந்தேன். இடுப்புவரை போயிருந்தான். கையை நீட்டினான். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். நான் இறங்கவில்லை. அந்தக் கடைசிப் பக்கம் என்னை இறங்கவிடவில்லை. கீழே ஓடி இயந்திரத்தை நிறுத்தினேன். வீட்டுக்கு ஓடித் தீயணைப்புக்காரர்களுக்குப் போன் செய்தேன். செய்ய வேண்டிய எதையும் விடவில்லை. சோளம் மேலிருந்து சரிந்து அவனை மூடியிருந்தது. தகட்டை வெட்டி அவனை வெளியே எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

“உங்க பொண்ணு கெட்டிக்காரிம்மா” என்றார் வந்தவர்களில் ஒருவர் என் அம்மாவிடம். “அவளும் இறங்கியிருந்தா இப்ப ரெண்டு சவப்பெட்டி செய்யச் சொல்லணும்.”

அதற்குப் பிறகு அம்மா எனக்குத் தலை வாரிவிடவில்லை.

ஆக, பிரையரின் கதை ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் காப்பாற்றியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. காப்பாற்றப்பட்டது எப்படி இருக்கிறது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை.

செப்டம்பரில் மூன்று வெள்ளிக்கிழமைகள் எடுத்துக்கொண்டேன். முப்பத்தொரு பிரதிகளிலும் அந்தக் கதையின் கடைசித் தாளை மட்டும் வெட்டி, நான் எழுதிய தாளை ஒட்டினேன். அதே எழுத்து, அதே அளவு. தாளின் மஞ்சள் நிறத்துக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. என் தாளில் அக்கா உள்ளே இறங்கி, தம்பியின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடிக்கிறாள். ‘என்னைப் பார், கீழே பார்க்காதே, நான் உன்னை விடமாட்டேன்’ என்கிறாள். இழுக்கிறாள். வந்துவிடுகிறான். அம்மா இருவருக்கும் சூடாகப் பால் கொடுக்கிறாள். எழுதத் தெரியாதவள் எழுதியது என்று நீங்கள் சொல்லலாம். ஒரு பிள்ளைகூட அப்படிச் சொல்லவில்லை.

பிரையர் வகுப்பில் தேர்வு வைத்தார். பத்தொன்பது பேரும் ‘இருவரும் பிழைத்தார்கள்’ என்று எழுதினார்கள். அவர் விடைத்தாள்களை மேசையில் போட்டது நூலகம்வரை கேட்டது. நடுவில் ஒரு கதவுதான்.

“பத்தொன்பது பேருக்கும் ஒரே தப்பு. யாரைப் பாத்து எழுதினீங்க?”

“புக்கைப் பாத்துதான் சார்.”

வகுப்பே சிரித்தது.

“வாய் நீளுதா? ரெண்டு பேரும் செத்துப் போறாங்க. இது தெரியாதவன் கதையையே படிக்கல. எல்லாருக்கும் சைபர்.”

அவர் முன்னால் பத்தொன்பது புத்தகங்கள் இருந்தன. ஒன்றைத் திறந்திருந்தால் போதும். அவர் தன் பிரதியைத்தான் நம்பினார். படித்தவர்கள் அப்படித்தான்.

மணி அடித்ததும் கெண்ட்ரா ஹாகன் என்னிடம் வந்தாள். பன்னிரண்டு வயது. முன்பல்லில் கம்பி. அவள் அப்பா ராஜர் எங்கள் பழைய நிலத்துக்குப் பக்கத்தில் சோளம் போடுகிறவர். புத்தகத்தை என் மேசையில் விரித்தாள்.

“மிஸ் ரஸ்டாட், இது சரியா, அவர் சொல்றது சரியா? என் தங்கச்சி டெஸ்ஸுக்கு ராத்திரி இதைத்தான் படிச்சுக் காட்டினேன். அவர் என்னடான்னா சாவடிச்சிட்டாரு.”

“நீ என்ன நினைக்கிற?”

“நானா இருந்தா இறங்கியிருப்பேன். தங்கச்சியாச்சே. சும்மா பாத்துட்டு நிப்பாங்களா யாராவது?”

நான் அவளைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வருடங்களாக ஊரில் யாரும் என் முகத்துக்கு நேராக அதைச் சொன்னதில்லை. அவளுக்குக் கீத்தைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வேண்டுமென்று சொல்லவில்லை. இருந்தாலும் சொன்னாள்.

“அச்சுல இருக்கிறதுதான் கதை” என்றேன். “அவருக்கு மறந்து போயிருக்கும்.”

“அப்ப இழுத்தா வந்துருவாங்கதானே?”

“புத்தகத்துல அப்படித்தானே இருக்கு?”

அவள் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் கேள்விப்பட்ட வரிசையில் சொல்கிறேன். ராஜர் இயந்திரத்தை ஓடவிட்டு, போன் பேச வீட்டுக்குள் போனார். எட்டு வயது டெஸ் அப்பாவுக்கு உதவப் போகிறேன் என்று கம்பியை எடுத்துக்கொண்டு குதிருக்குள் இறங்கினாள். கெண்ட்ரா ஏணியில் ஏறிப் பார்த்தாள். சிவப்பு சுவிட்ச் ஏணியின் அடியிலேயே இருக்கிறது. திரும்பி இறங்க இருபது நொடி. அவள் உள்ளே இறங்கினாள். ராஜர் ஓடிவந்து நிறுத்தியபோது டெஸ்ஸின் தலை வெளியே இருந்தது. கெண்ட்ரா இருந்த இடத்தில் சோளம் சமமாக இருந்தது.

அக்கா என்ன சொன்னாள் என்று டெஸ்ஸிடம் கேட்டிருக்கிறீர்கள். ‘என்னைப் பார், கீழே பார்க்காதே, நான் உன்னை விடமாட்டேன்.’ நல்ல வாக்கியம் என்று பாதிரியார் சவ அடக்கத்தில் அதை வாசித்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பிரையர், அதே வரியை விடைத்தாள்களில் பார்த்தது நினைவு வந்து, நேராகப் பள்ளிக்குப் போய், கடைசியில் ஒருவழியாகப் புத்தகத்தைத் திறந்தார்.

அறியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக்கொடுக்க என் வக்கீல் சொல்கிறார். அப்படி எழுத மாட்டேன். சோளம் எப்படிப் பிடிக்கும் என்று இந்த மாவட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. இடுப்புவரை புதைந்த பிள்ளையை நான்கு ஆண்கள் கயிறு கட்டி இழுத்தாலும் வராது. அந்தத் தாளைத் தட்டச்சு செய்தபோதும் தெரியும். கெண்ட்ரா கேட்டபோதும் தெரியும். அவள் வீட்டில் மூன்று குதிர்கள் இருப்பதும் தெரியும். ஒருத்தியாவது இறங்கிப் பார்க்கட்டும் என்று இருந்தது.

ஆனால் டெஸ் பிழைத்துவிட்டாள். இதை யாரும் கவனிப்பதில்லை. என் முடிவில் பாதி உண்மையாகிவிட்டது. பழைய முடிவால் எங்கள் வீட்டில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து அடுத்த நாள் ஞாயிறு, முதியோர் இல்லத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். எண்பத்தெட்டு வயதிலும் காது நன்றாகக் கேட்கும். கெண்ட்ராவுக்கு நேர்ந்ததை வானொலியில் கேட்டிருந்தாள். நானே அவளிடம் சொல்ல நினைத்திருந்தேன். வெட்டியதையும் ஒட்டியதையும் முதலில் அவளிடம்தான் சொன்னேன். அவள் அதில் எதையும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சீப்பை எடுத்து அவள் தலையை வாரத் தொடங்கினேன். என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அந்தப் பொண்ணு இறங்கியிருக்கா, லோர்னா. நீ ஏன்டி இறங்கல?”